ஏழாம் பாடம்: கடையில்

ஐந்து ரோட்டில், செருப்புக் கடைக்கு மேல் மாடி.
காலை ஏழு மணிக்கு வகுப்பு.
ஒன்பதரைக்கு நான் கடைவீதியில் இருந்தாக வேண்டும்,
சீருடைச் சேலையில், பின் குத்திய மடிப்போடு.

ஜெசிந்தா மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று வயது.
எனக்கு நாற்பத்தொன்று.
மிஸ் என்று கூப்பிட முதல் வாரம் கூச்சம்.
அவளும் என்னை மேடம் என்கிறாள், சரியாகிவிட்டது.

ஏழாம் பாடம் ஷாப்பிங் என்றதும்
எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
பதினாறு வருஷம் கவுன்டருக்குள் நின்றவளுக்கு
இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று.

மிஸ் 'வேணும்' என்ற ஒரு சொல்லை எடுத்து
மூன்றாகக் கிழித்தாள்.
நீட். வான்ட். வுட் லைக்.
கேஸ் சிலிண்டர், நீட்.
புது ஃபோன், அது என் மகனுடைய வான்ட்.
வுட் லைக்குக்கு ஒன்றும் தோன்றவில்லை.
கோடு மட்டும் போட்டு விட்டுவைத்தேன்.

பிறகு ஜோடியாக நடிக்க வேண்டும்.
எனக்கு ஜோடி ஜாகிர்,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
பற்றவைத்துப் பற்றவைத்து நகக்கண் கறுத்தவன்.
அவன் கடைக்காரன், நான் வாங்க வந்தவள்.
சரக்கு, மிஸ்ஸின் துப்பட்டா.

'மே ஐ ஹெல்ப் யூ' என்றான்
கோர்ட்டில் சாட்சி சொல்பவன் மாதிரி.
துப்பட்டாவைச் சுருட்டி நீட்டினான்.
என்னால் பொறுக்க முடியவில்லை.
பிடுங்கி, உதறி, இரண்டு முனையும் பிடித்து
ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வீச்சு வீசிக் காட்டினேன்.
'மேடம், நீங்க கஸ்டமர்' என்றாள் மிஸ்.

ஹௌ மச் இஸ் திஸ்?
டூ ஹண்ட்ரட்.
'நூத்தம்பதுன்னா குடு, இல்லாட்டி நான் வர்றேன்.'
வகுப்பே சிரித்தது.
புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்,
அதில் ஒருத்தரும் பேரம் பேசுவதில்லை.
சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத்
தேங்க் யூ வேறு சொல்கிறார்கள்.
மீதிச் சில்லறையை எண்ணுவதுகூட இல்லை.

கடைசி வரிதான் எனக்குப் பிடித்துப்போனது.
ஐ ஆம் ஜஸ்ட் லுக்கிங்.
சும்மா பார்க்கிறேன்.
தமிழில் இப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.
அறுபது சேலை பிரிக்கவைத்து
அவர்கள் படியிறங்கிப் போனபின்
அறுபதையும் மடிப்பவள் நான்.
இங்கிலீஷில் அது குற்றமாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை என் லீவு முறை.
ஏற்காடு போகும் ரோட்டில் புதிதாய்த் திறந்த
கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தேன்.
மலை ஏறாமலே குளிர்ந்தது.
சங்கவி என்று பெயர் அட்டை குத்திய பெண் வந்தாள்.
சொன்னேன், ஒரு தப்பும் இல்லாமல்.
'ஷ்யூர் மேம்' என்று ஒதுங்கி நின்றாள்.

நான் துணியைப் பார்க்கவில்லை.
இடது காலின் கனத்தை அவள் வலது காலுக்கு மாற்றினாள்.
சற்றுக் கழித்து வலதிலிருந்து இடதுக்கு.
குதிகாலைச் செருப்பிலிருந்து எடுத்துத்
தரையின் ஜில்லிப்பில் வைத்தாள்.
கடிகாரம் பார்க்காமலே எனக்குத் தெரியும், மணி நாலு.
தூணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்,
அதன்மேல் அட்டைப்பெட்டிகள்.
சட்டம் வந்த வருஷம் எங்கள் கடைக்கும் ஒன்று வந்தது.
அதில் பில் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

வாய் திறந்தேன்.
ஏழாம் பாடத்தில் அந்த வாக்கியம் இல்லை.
தமிழில் சொல்லியிருக்கலாம்.
இங்கிலீஷில் நுழைந்த கடையில்
தமிழுக்கு எப்படித் திரும்புவது என்று தெரியவில்லை.
வெளியே வந்து ஒரு தட்டுவடை செட் தின்றேன்,
காரம் தூக்கலாக, கண்ணில் தண்ணி வர.

மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன்,
வாங்க வந்தவள், விற்கிற பெண்ணை
உட்காரச் சொல்வது எப்படி?
ஏழாம் பாடத்தை மேலும் கீழும் பார்த்தாள்.
பின்னோக்கிப் புரட்டி
இரண்டாம் பாடத்தில் கண்டுபிடித்தாள்.
அங்கே வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்.
ப்ளீஸ் ஹேவ் எ சீட்.

'நாள் முச்சூடும் சம்மணம் போட்டே கெடக்கறேன்,
எந்திரிச்சு நில்லுடான்னு சொல்ல ஆளில்ல' என்றான் ஜாகிர்.
'அது எத்தனாவது பாடம் மிஸ்?'